பச்சைத்தண்ணியும் பச்சை விளக்கும்

பதினேழாவது தும்மலில் யூனிஃபார்ம் சட்டையின் இரண்டாவது பொத்தான் அறுந்து பறந்து, எதிர்ச்சுவரில் மோதி, சமையலறை வாசலில் நின்ற மனைவியின் காலடியில் வந்து விழுந்தது.

"இன்னும் ரெண்டு தும்மினீங்கன்னா சட்டையே கழண்டுடும். பேசாம லீவு போடுங்க," என்றாள் அவள், பொத்தானைப் பொறுக்கிக்கொண்டு.

"லீவா? இன்னைக்கா?"

தன்னை உயிரோடு புதைக்கச் சொல்லிவிட்டதைப் போலப் பார்த்தார் அவர்.

பஸ் டிப்போவில் அவரைப் பச்சைத்தண்ணி என்று சொன்னால்தான் தெரியும். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். பச்சைத்தண்ணியைத் தவிர வேறெதுவும் அந்தத் தொண்டையில் இறங்கியதில்லை. சாராயம் கிடக்கட்டும், காப்பி டீகூடக் கிடையாது. சோடா குடித்தால் ஏப்பம் வரும், ஏப்பம் வந்தால் கவனம் சிதறும் என்று சோடாவையும் தள்ளி வைத்தவர். கட்டின மனைவியையே ஒருநாள்கூடத் தன் பஸ்ஸில் ஏற்றியதில்லை. "நீ பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோணும். திரும்பினா முன்னாடி இருக்கிறவன் போய்ச் சேருவான்" என்பார். அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்வதா, திட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு முப்பது வருஷமாகப் புரியவில்லை.

முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவருக்கு நிர்வாகம் 'தங்க ஸ்டியரிங்' என்று ஒரு பேட்ஜ் தரும். அந்த டிப்போவில் இதுவரை அதை வாங்கியவர் எவருமில்லை. ஒருத்தர் இருபத்தொன்பதாவது வருஷத்தில் டிப்போ கேட்டிலேயே இடித்தார். இன்னொருத்தர் நின்றுகொண்டிருந்த பஸ்ஸை நின்றுகொண்டிருந்த இன்னொரு பஸ்ஸின் மேல் மோதினார். எப்படி என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது.

கீறல் மட்டும் இல்லாமல் இருந்தால் போதாது. குடித்திருக்கிறாரா என்று பார்க்கத் தினமும் வண்டி எடுக்கும்முன் ஊதிக் காட்டும் மெஷினில் ஒருமுறைகூட மாட்டியிருக்கக் கூடாது. அதோடு 'மறுப்பு' வாங்கியிருக்கக் கூடாது. சாவியைக் கையில் வாங்கிய பிறகு, என்னால் முடியாது என்று திருப்பிக் கொடுத்தால், கோப்பில் சிவப்பு மையில் 'மறுப்பு' என்று எழுதிவிடுவார்கள். ஒன்று விழுந்தால் போதும், பேட்ஜ் காலி.

இன்னும் பத்து நாளில் அவருக்கு ரிட்டயர்மென்ட். இன்றைக்குப் பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி வருகிறார். டிப்போவின் புத்தம்புதுப் பஸ்ஸில் ஊழியர் குடும்பங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பச்சைத்தண்ணி ஊரை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். வந்து இறங்கியதும் பேட்ஜ். முதல் வரிசை ஜன்னல் ஸீட்டில் மனைவி உட்காரப் போகிறாள். அதற்காக அவள் ஒரு வாரமாகத் தலைவாரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது தும்மல் வந்தது. சுவரில் தொங்கிய காலண்டர் இரண்டு மாதம் முன்னால் போய் நின்றது.

"மூக்கு உள்ள வரைக்கும் சளி இருக்கத்தான் செய்யும். அந்த இருமல் மருந்து எங்கே?" என்றார்.

"ஒரு மூடிதான் குடிக்கணும்."

அவள் பொத்தான் தைக்க ஊசி எடுத்துவரப் போன நேரத்தில் ஒரு மூடி குடித்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீரையே ருசித்த நாக்குக்கு அது தேவலோகத்துப் பானமாக இருந்தது. இரண்டாவது மூடி சந்தேகத்துக்கு. மூன்றாவது சந்தேகத்தைத் தீர்க்க. ஐந்தாவது மூடிக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. விழாவில் போட்டோ எடுக்க வந்தவன். அவன் தோள்பையில் கேமராவுக்கு இடம் கொஞ்சம்தான். மீதி முழுக்க மாத்திரை. தலைவலி வருவதற்கு முன்னால் ஒன்று, வந்த பிறகு ஒன்று, வராமல் போனால் ஏன் வரவில்லை என்பதற்கு ஒன்று.

"மாமா, என்ன மூக்கு இப்படி ஒழுகுது? இந்தாங்க, மஞ்ச மாத்திரை. ஒண்ணு போட்டா ஒழுகறது நிக்கும். ரெண்டு போட்டா மூக்கு இருக்கறதே தெரியாது."

மூக்கு இருப்பது தெரியாமல் போவது நல்லது என்று பட்டதால் பச்சைத்தண்ணி இரண்டாகப் போட்டுக்கொண்டார்.

மச்சினன் மேஜைமேல் இருந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் புருவம் ஏறி முடிக்குள் போய்விட்டது.

"மாமா, இதுல எவ்வளவு குடிச்சீங்க?"

"கொஞ்சம்தான். அஞ்சு மூடி."

"இதுல ஆல்கஹால் இருக்கு மாமா."

வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் போல அமைதி. நிஜமாகவே விழுந்தது. மனைவி கையிலிருந்த ஊசி.

"என்னடா சொல்றே? நானா? குடிச்சிட்டேனா?" பச்சைத்தண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷம்டா! என் கூட வேலை பார்க்கிறவன் வீட்டு விருந்துல ஜூஸைக்கூட மோந்து பார்த்துட்டு வெச்சிட்டு வந்தவன்டா நான்!"

"அது பெரிசில்ல மாமா. மெஷின்ல ஊதினா காட்டிக் கொடுத்துடும். அதுதான் பெரிசு."

"ஐயோ, இப்ப என்ன பண்றது?"

"வாயைக் கழுவணும். நல்லா மணக்க மணக்க." பைக்குள் கையை விட்டு ஒரு நீல பாட்டிலை எடுத்தான். "இதுல கொப்பளிங்க."

நாலு தடவை கொப்பளித்தார். ஐந்தாவது கொப்பளிப்பு கன்னத்துக்குள் இருக்கும்போது மனைவி அந்த நீல பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், இதுலயும் அதேதான்டா போட்டிருக்கு!"

பச்சைத்தண்ணி துப்பினார். மச்சினனின் செருப்பு சொட்டுநீலம் கொட்டினதுபோல் பளபளத்தது.

"நல்லா இருக்குடா உன் வைத்தியம்," என்றாள் அக்கா. "தீ அணைக்கக் கூப்பிட்டா மண்ணெண்ணெய் கொண்டு வர்றவன் நீ."

அதற்குள் மஞ்சள் மாத்திரை வேலையை ஆரம்பித்துவிட்டது. மூக்கு நின்றது. கூடவே மூளையும் நின்றது. பச்சைத்தண்ணி ஃபிரிட்ஜைத் திறந்து, தொப்பியை உள்ளே வைத்து, "வர்றேன்" என்று ஃபிரிட்ஜிடம் விடைபெற்று, வாசலுக்குப் பதிலாகத் துணி அலமாரிக்குள் நடந்தார்.

"தூக்கம் வருதாங்க?"

"சேச்சே. கண்ணு மட்டும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்குது."

"காப்பி குடுக்கா. கடும் காப்பி," என்றான் மச்சினன்.

அன்றைக்குத்தான் அவர் வாழ்வின் முதல் காப்பி. அதுவும் நாலு டம்ளர். பால் இல்லை, சர்க்கரை இல்லை, இரக்கமும் இல்லை. பத்து நிமிஷத்தில் கண் இரண்டும் முட்டை மாதிரி விரிந்தன. கை தையல் மெஷின் மாதிரி ஆடியது. ஆனால் உள்ளே தூங்குகிறவன் எழுந்திருக்கவேயில்லை. ஜன்னல் கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்காரன் குறட்டை விடுவது போல இருந்தது நிலைமை.

"கை நடுங்குது மாமா. அதுக்கு ஒரு வெள்ளை மாத்திரை இருக்கு..."

"அந்தப் பையை மூடறியா, இல்ல உன்னை அதுக்குள்ள போட்டு மூடவா?" என்றாள் அக்கா. அந்தக் காலை நேரத்தில் அந்த வீட்டில் எடுக்கப்பட்ட ஒரே சரியான முடிவு அதுதான்.

தொப்பி ஃபிரிட்ஜிலிருந்து மீட்கப்பட்டது. ஜில்லென்ற தொப்பியோடு மச்சினனின் ஸ்கூட்டர் பின்னால் ஏறிக்கொண்டார். முன்னால் உட்கார்ந்தவன் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்தவர், முப்பது வருஷப் பழக்கத்தில், ஒவ்வொரு முனையிலும் காற்றில் பிரேக் அழுத்திக்கொண்டே தூங்கினார்.

டிப்போ வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே புதுப் பஸ் வெயிலில் மின்னியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் மெஷின், அதன் வயர் சுவர் ப்ளக்கில். மேஜைக்குப் பின்னால் ஊதக்கா. ஒரு நாளைக்கு இருநூறு தடவை "ஊதுங்க" என்று சொல்வதால் வந்த பெயர். அவளுக்கு மேலே, சுவரில், மேனேஜர் தன் கையாலேயே எழுதிய போர்டு: 'கடந்த 21 நாட்களில் மாட்டியவர் ஒருவர்கூட இல்லை. இது நம் டிப்போவின் சாதனை!'

பச்சைத்தண்ணியைக் கண்டதும் ஊதக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க. இந்த மெஷின் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்களாவது எடுத்துச் சொன்னா..."

பச்சைத்தண்ணி ஓரடி பின்வாங்கினார். மூன்றடி தூரத்திலேயே வாசனை பிடித்துவிட்டாள்!

"தங்கச்சி," என்றார், வாயைக் கையால் பொத்தியபடி. "உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னைக்கு மட்டும் எதுவும் பேசாதே."

"இல்லண்ணே, இது முக்கியம்..."

"எனக்கு அதைவிட முக்கியம்!"

ஓடி வந்தார் மேனேஜர். "என்னம்மா, விழா நேரத்துல புலம்பிக்கிட்டு? உன் மூணு லெட்டரும் என் மேஜைமேலதான் இருக்கு. விழா முடியட்டும், படிக்கிறேன்." அப்புறம் பச்சைத்தண்ணியின் தோளில் தட்டி, "கண்ணெல்லாம் பளபளன்னு இருக்கே! ஆனந்தக் கண்ணீரா?" என்றார்.

"அதுக்குப் பக்கத்துல வேற ஏதோ," என்றார் பச்சைத்தண்ணி.

பெரிய அதிகாரி வந்து இறங்கினார். நாலு மணி நேரம் காரில் வந்தவர். கன்னத்தில் ஸீட்டின் கோடு அப்படியே பதிந்திருந்தது. அவருடைய கார் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டான்.

அதிகாரி போர்டைப் படித்துப் பூரித்தார். "பிரமாதம்! மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் பொய் சொல்லாது. எங்கே, நம்ம ஹீரோ எல்லார் முன்னாடியும் ஊதட்டும்!"

"ஐயா, அந்த மெஷின்..." என்று ஆரம்பித்தாள் ஊதக்கா.

"நீ வாயை மூடும்மா. அவர் வாயைத் திறக்கட்டும்," என்றார் மேனேஜர்.

பச்சைத்தண்ணி குழாயை வாயில் வைத்தார். முப்பது வருஷம் கண்ணுக்குள் ஓடியது. இருமல் மருந்து ஐந்து மூடி. நீலத் தண்ணீர் நாலரை வாய். உள்ளே இருக்கும் சரக்குக்கு மெஷின் கத்துகிற கத்தலில் பக்கத்து ஊர் டிப்போவுக்கும் கேட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

பச்சை.

சின்னதாய், குளுகுளுவென்று, கண்ணைச் சிமிட்டாமல் எரிந்தது பச்சை விளக்கு. கூட்டம் கைதட்டியது. மச்சினன் போட்டோ எடுத்தான். பச்சைத்தண்ணி அந்த விளக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆண்டவன் இருக்கிறான், அதுவும் டிப்போவிலேயே வேலை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சாவி கைக்கு வந்தது. பஸ்ஸில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். குடும்பங்கள் ஏறின. குழந்தைகள் புது ஸீட்டில் குதித்தன. முதல் வரிசை ஜன்னலோரம், ஆட்டோவில் வந்து சேர்ந்த மனைவி. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் சிரித்தாள். வெளியே அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்த நன்னாளில்..." என்று பேச ஆரம்பித்தார்.

பச்சைத்தண்ணி ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

இமையைத் திறந்தபோது, "...நன்றி, வணக்கம்!" என்று அதிகாரி மைக்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ரிப்பன் இரண்டு துண்டாகக் கிடந்தது.

ஒரு சிமிட்டல்! ஒரு முழுப் பேச்சு!

முப்பது வருஷம் தூரத்தையும் வேகத்தையும் கண்ணாலேயே அளந்த மனுஷன். மாத்திரைக்கும் அசையாத அந்தக் கணக்கு தானாகவே ஓடியது. அந்தச் சிமிட்டல் ரோட்டில் வந்திருந்தால்? கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்க்கடையைத் தாண்டி, கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட மதில்வரைக்கும் பஸ் போயிருக்கும். முதலில் போயிருப்பது முதல் வரிசை ஜன்னல்.

கண்ணாடியில் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினை அணைத்தார். சாவியை உருவினார். இறங்கினார்.

"என்னங்க! எங்கே போறீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கவனம் சிதறும். நேரே அதிகாரி முன்னால் போய், சாவியை நீட்டினார்.

"ஐயா, என்னால இன்னைக்கு ஓட்ட முடியாது."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யோவ், என்ன பண்றீர்? அது மறுப்பு! சிவப்பு மை! பேட்ஜ் போயிடும்யா! பத்து நாள்தானே இருக்கு, கண்ணை இறுக்கித் திறந்துக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடும்!"

"எழுதுங்க சார். கொட்டை எழுத்துல எழுதுங்க. நான் வேணா ஸ்பெல்லிங் சொல்றேன்."

"மெஷின் பச்சை காட்டிச்சேய்யா?" என்றார் அதிகாரி.

"மெஷின் என் மூச்சைத்தான் பார்க்கும் ஐயா. என் இமையை நான்தான் பார்க்கணும்." காலையில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஐந்து மூடி, மஞ்சள் மாத்திரை இரண்டு, நீலத் தண்ணீர், காப்பி, ஃபிரிட்ஜிடம் விடைபெற்றது உட்பட. "கடையில கிடைக்கிற மாத்திரைதானேன்னு நெனச்சேன். குடிச்சவன் தள்ளாடுவான், ஊருக்கே தெரியும். நான் நேராத்தான் நடக்கறேன், ஆனா உள்ளே ஆளில்ல ஐயா. நாப்பது பேரை நம்பி ஏத்திட்டேன். அதுல ஒருத்தி முப்பது வருஷமாக் காத்திருந்தவ."

மேனேஜர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'மறுப்பு' என்று எழுதினார். பச்சைத்தண்ணி எட்டிப் பார்த்து, "தேதியும் போட்டுடுங்க," என்றார்.

அதிகாரிக்குக் கோபம் மூக்குமேல் வந்துவிட்டது. ரிப்பன் வெட்டிய பஸ் நகராமல் நின்றால் அவருக்கல்லவா அவமானம்? தன் கார் டிரைவரைப் பார்த்து விரல் சொடுக்கினார். "நீ பஸ் லைசென்ஸ்காரன்தானே? போய் எடு வண்டியை!"

கார் டிரைவர் கதவில் சாய்ந்தபடியே இருந்தான். மெதுவாக நிமிர்ந்து வந்து, தன் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து, அதிகாரி கையிலிருந்த பஸ் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஐயா, அண்ணன் சொன்னதுக்கப்புறம் மறைக்க மனசு வரல. ரெண்டு நாளா முதுகுவலி. அதுக்கு ஒரு மாத்திரை போடறேன். கையும் காலும் பஞ்சு மாதிரி இருக்கு."

"என்னது? நாலு மணி நேரம் நீதானே காரை ஓட்டிட்டு வந்தே!"

"ஆமாங்கய்யா. நீங்க பின்னாடி தூங்கிட்டு வந்தீங்க. நான் முன்னாடி தூங்கிட்டு வந்தேன்."

அதிகாரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் குடித்தார். வழியிலிருந்த பாலத்தையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. உதடு ஏழுவரை அசைந்தது.

எழுந்தார். மேனேஜர் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கினார். அந்தச் சிவப்புத் தாளை நாலாகக் கிழித்துத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

"இனிமே உடம்பு சரியில்லைன்னு சாவியைத் திருப்பிக் குடுக்கிறவனுக்கு மறுப்பு கிடையாது. சம்பளத்தோட லீவு. முப்பது வருஷம் இடிக்காம ஓட்டினதுக்கு இந்த பேட்ஜ்னு நெனச்சுக் கொண்டாந்தேன். இப்ப, ஓட்டாம இறங்கினதுக்குக் குடுக்கறேன்!"

தங்க ஸ்டியரிங் பேட்ஜைக் குத்தினார். புதிதாய்த் தைத்த இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் அது வெயிலைவிட அதிகமாய் மின்னியது. கைதட்டலில் டிப்போக் கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமாய்ப் பறந்து, திரும்பி வர மறுநாள் ஆயிற்று. "எந்த மாத்திரையும் போடாதவங்க யாரு?" என்று கேட்டதற்கு கூடியிருந்த இருபது டிரைவர்களில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

பச்சைத்தண்ணி முதல் வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பிரயாணியாக.

"இப்பவாவது திரும்பிப் பார்க்கலாமா?" என்றாள் அவள்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே அவள் தோளில் தலையைச் சாய்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே அதிகாரி மெஷினைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இதையும் குறை சொல்லக் கூடாது. மாத்திரையைக் கண்டுபிடிக்கறது இதோட வேலையில்ல. ஆல்கஹால் இல்லேன்னு சரியாச் சொல்லிச்சே! எல்லா டிப்போவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க."

பச்சைத்தண்ணி பாதிக் கண்ணைத் திறந்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "ஆனா ஐயா, அஞ்சு மூடி உள்ளே இருந்துச்சே. நாலரை வாய் நீலத் தண்ணி வேற. அப்புறம் எப்படிப் பச்சை எரிஞ்சுது?"

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஊதக்காவைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவள் பேசுவதைக் கேட்க ஆள் இருந்தது.

"அதைத்தானே அண்ணே மூணு வாரமா மூணு லெட்டர்ல எழுதிட்டு இருக்கேன்," என்றாள் ஊதக்கா, சுவர் ப்ளக்கிலிருந்து வயரை உருவி, அணைந்துபோன பச்சை விளக்கை எல்லோருக்கும் தூக்கிக் காட்டியபடி, "மெஷின் செத்து இருபத்தோரு நாளாச்சு, இது வெறும் சார்ஜர் லைட்டு!"